நாளை பனி கொட்டுமா?

இரவு மணி பன்னிரண்டரை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூயார்க் நகருக்கு அருகே ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ஜனவரி. மாடியில் குழந்தைகள் தூங்குகிறார்கள். அவர்கள் சட்டைகளை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி அணிந்திருக்கிறார்கள். தலையணைக்கு அடியில் ஒரு கரண்டி இருக்கிறது. படுக்கப் போகுமுன் நாலைந்து ஐஸ் கட்டிகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்து விட்டிருக்கிறார்கள். இவ்வளவும் செய்தால் மறுநாள் பனி பொழியும், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கிடைக்கும் என்பது அந்நாட்டுச் சிறுவர் சிறுமியரின் நம்பிக்கை. கழுதைக்குக் கல்யாணம் செய்து வைத்து மழையை அழைக்கும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

கீழே கூடத்தில் அந்தக் குழந்தைகளின் தகப்பனார் இன்னும் விழித்திருக்கிறார். அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக் கொள்ளவில்லை. ஆனால் அவர் செய்யும் காரியமும் அதற்கு அதிக தூரத்தில் இல்லை. கம்ப்யூட்டர் திரைக்கு முன் அமர்ந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் காற்றழுத்தம் எப்படியிருக்கும் என்று காட்டும் வர்ணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொண்டிருக்கிறார். பத்தரை மணிக்கு வந்த அமெரிக்கக் கணக்கு எட்டு அங்குலம் என்றது. ஒரு மணிக்கு வரப்போகும் ஐரோப்பியக் கணக்கு என்ன சொல்லுமோ? அதைப் பார்க்காமல் படுத்தால் தூக்கம் வராது. காலையில் எழுந்து பார்த்தாலும் அதே படந்தான் இருக்கும். இதை அவருடைய மனைவி பல வருஷங்களாகச் சொல்லி அலுத்து விட்டாள்.

இவரைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வக்கீல், உபாத்தியாயர், மளிகைக் கடைக்காரர், கல்லூரி மாணவர் என்று எல்லா ரகமும் உண்டு. வானிலை சாஸ்திரம் இவர்களில் பலருக்குத் தொழில் அல்ல; பித்து. நம் சென்னையிலும் அக்டோபர் பிறந்தால் வங்காள விரிகுடாவின் படத்தைப் பார்த்துக் கொண்டே பொழுதைப் போக்கும் கூட்டம் ஒன்று உண்டு அல்லவா? அவர்களுக்கு இவர்கள் பங்காளிகள்.

ஒரு வாரத்துக்கு முன்னால் பனிப்புயல் என்று ஒரு படம் காட்டும். பித்தர்களுக்கு அன்று தீபாவளி. மறுநாள் அதே படத்தில் புயல் கடலுக்குள் ஒதுங்கி விடும். துக்கம் கொண்டாடுவார்கள். மூன்றாம் நாள் மீண்டும் கரையை நெருங்கும். இப்படி ஆசை காட்டி மோசம் செய்வதில் இந்தப் புயல்களுக்கு நிகர் வேறில்லை.

ஏன் இத்தனை தடுமாற்றம்? அந்தக் கரையின் அமைப்பே காரணம். வடக்கே கனடாவிலிருந்து கடுங்குளிர்க் காற்று இறங்குகிறது. கிழக்கே அட்லாண்டிக்கில் வளைகுடா நீரோட்டம் வெதுவெதுப்பான தண்ணீரைச் சுமந்து கொண்டு போகிறது. இவை இரண்டும் அருகருகே நிற்கும் இடத்தில் காற்றழுத்தத் தாழ்வு உண்டானால் அது வெகு வேகமாக வலுத்துவிடும். கரையில் அப்போது வடகிழக்கிலிருந்து காற்று வீசுவதால் இதற்கு 'நார்ஈஸ்டர்' என்று பெயர். புயலின் மையம் கரையை ஒட்டி வந்தால் கடற்காற்று உள்ளே புகுந்து பனி மழையாகிவிடும். வெகு தூரம் விலகிப் போனால் மழையுமில்லை, பனியுமில்லை. நடுவே ஒரு பாதை இருக்கிறது. அதில் போனால்தான் நகரம் பனியில் மூழ்கும். ஒரு அங்குல மழைக்கு வேண்டிய நீர் பனியாக விழுந்தால் சுமார் பத்து அங்குலம் குவியும் என்பது பொதுவான வாய்ப்பாடு. ஆகையால், மழையில் யாரும் கவனிக்காத சிறு பிழை பனியில் முழங்கால் உயரம் ஆகிவிடுகிறது.

இன்னொரு சங்கடம். இந்தப் புயலின் விதை பெரும்பாலும் பசிபிக் சமுத்திரத்தின் மேல் விழுகிறது. நிலத்தின் மேலானால், கருவிகளைக் கட்டிய பலூன்களை நாள்தோறும் இரண்டு வேளை பறக்க விட்டு மேற்காற்றை அளக்கிறார்கள். கடலின் மேல் பலூன் விடுவார் யார்? செயற்கைத் துணைக்கோள்களும் விமானங்களும் சொல்வதைக் கொண்டு நிரவ வேண்டியதுதான். ஆரம்பத்திலுள்ள அற்பப் பிழை என்ன செய்யும் என்பதை 1961-ல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லாரன்ஸ் என்ற அறிஞர் தற்செயலாகக் கண்டார். பழைய கணக்கு ஒன்றை மறுபடி ஓட்டுவதற்காக, 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கி இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுக் காபி சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால், முந்தைய வானிலைக்கும் புதியதற்கும் சம்பந்தமே இல்லை!

அதனால் 1992 முதல் கணக்கை ஒரு தடவை மட்டும் போடுவதில்லை. இங்கிலாந்தில் ரெடிங் நகரிலுள்ள ஐரோப்பிய மையம், ஆரம்ப நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஐம்பத்தொரு கணக்குகள் போடுகிறது. ஐம்பத்தொரு ஜோசியர்களை ஒரே அறையில் உட்கார வைத்தது போல. எல்லோரும் ஒரே வாக்காகச் சொன்னால் நம்பலாம். பாதிப் பேர் இப்படியும் பாதிப் பேர் அப்படியும் சொன்னால், 'இன்னும் தெரியவில்லை' என்பதே உண்மையான ஆரூடம். ஆனால் 'தெரியவில்லை' என்பதைக் கேட்டுக் கொண்டு பள்ளிக்கூடத்தை மூடுவதா, திறப்பதா?

இந்தக் கேள்வி 2015 ஜனவரியில் நியூயார்க் நகரத்தின் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. இரண்டடி வரையும் அதற்கு மேலும் பனி விழலாம் என்று தேசிய வானிலைச் சேவை அறிவித்தது. நகரத்தின் சரித்திரத்திலேயே மிகப் பெரிய பனிப்புயல்களில் ஒன்றாக இது இருக்கக்கூடும் என்று மேயர் டி பிளாஸியோ எச்சரித்தார். கடைகளில் ரொட்டியும் பாலும் மாயமாய் மறைந்தன. திங்கட்கிழமை இரவு 11 மணிக்குச் சுரங்க ரயில்களை நிறுத்தும்படி கவர்னர் கியூமோ உத்தரவிட்டார். 1904-ல் ஓடத் தொடங்கிய அந்த ரயில், பனியை முன்னிட்டு முழுவதும் நிறுத்தப்பட்டது அதுவே முதல் தடவை. வீதிகளில் வண்டி ஓட்டத் தடை. நியூயார்க் நகரம் கதவைச் சாத்திக் கொண்டு காத்திருந்தது.

நிபுணர்களின் சபையில் எல்லோரும் ஒரே பக்கம் இருக்கவில்லை. ஐரோப்பியக் கணக்கு நகரத்தின் மேல் மலைபோல் பனியைக் கொட்டிற்று. அந்த மாதந்தான் புதுப்பிக்கப்பட்டிருந்த அமெரிக்கக் கணக்கோ, புயல் சற்றுக் கிழக்கே போகும், நகரத்துக்கு அவ்வளவு வராது என்றது. 2012-ல் ஸாண்டி புயல் கரையேறும் என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே ஐரோப்பியக் கணக்கு காட்டியிருந்தது. அந்தப் புகழ் இன்னும் மங்கவில்லை. ஆகவே அதன் பேச்சுக்கே மதிப்பு அதிகமாயிருந்தது.

செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்தது. ஸென்ட்ரல் பார்க்கில் அளந்தால் 9.8 அங்குலம்! மன்ஹாட்டனுக்குக் கிழக்கே சுமார் 50 மைலில் இருக்கும் ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம். பாஸ்டன் நகரத்தில் இரண்டடிக்கு மேல். மாஸசூஸெட்ஸிலுள்ள வூஸ்டரில் 34.5 அங்குலம், அவ்வூர் அதுவரை கண்டிராத அளவு. புயல் பொய்யாகவில்லை. பனிப் படலத்தின் மேற்கு ஓரம் சற்றுக் கிழக்கே நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ஓரத்தின் கீழே எண்பது லட்சம் ஜனங்கள் குடியிருந்தார்கள் என்பதுதான் வினை.

மறுநாள் கேலிக்குக் கேட்க வேண்டுமா? ஆனால் எல்லோராலும் சிரிக்க முடியவில்லை. நாள் கூலிக்கு வேலை பார்க்கும் சமையற்காரனுக்கும் கடைச் சிப்பந்திக்கும் ஒரு நாள் வருமானம் போயிற்று. பத்து அங்குலத்துக்காகவா ஊரை அடைத்தீர்கள் என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அன்று ஒரு மனிதர் செய்த காரியம் மட்டும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. நியூஜெர்ஸியில், மௌண்ட் ஹோலி வானிலை அலுவலகத்தின் தலைவராயிருந்த கேரி ஸட்கோவ்ஸ்கி என்பவர், பொழுது விடியுமுன்பே தம் பெயரிலேயே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக் கொண்டார். எங்களை நம்பிக் கடினமான முடிவுகளைச் செய்தீர்கள், நாங்கள் சரியாகச் சொல்லவில்லை என்பது அவர் கூறியதன் சாரம். ஆரூடம் பொய்த்ததற்காக எந்த ஜோசியர் இதுவரை மன்னிப்புக் கேட்டிருக்கிறார்? அப்போது வானிலைச் சேவையின் தலைவராயிருந்த லூயி உச்செல்லினி, இந்த வட்டாரப் பனிப்புயல்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதியவர். தங்களுக்கிருந்த சந்தேகத்தை ஜனங்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று அவரும் ஒப்புக் கொண்டார்.

அடைத்தது பிசகா? அப்படிச் சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. 1888 மார்ச்சில் எச்சரிக்கையே இல்லாமல் ஒரு பனிப்புயல் இதே நகரத்தைப் பிடித்தது. மார்ச் 12, திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்பட்டவர்கள் வழியில் சிக்கினார்கள். ராஸ்கோ காங்க்லிங் என்ற பிரபல அரசியல்வாதி வால் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்தே போய் யூனியன் சதுக்கத்தில் சோர்ந்து விழுந்தார். அடுத்த மாதம் காலமானார். அந்தப் புயலில் மாண்டவர்கள் நானூறு பேருக்கு மேல். பாதிப் பேர் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்தவர்கள்.

ஆனால் 2017 மார்ச்சில் நடந்ததை அவ்வளவு சுலபமாக ஒப்புக் கொள்ள முடியவில்லை. நியூயார்க்குக்கு ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை பனி என்று சொல்லியாயிற்று. புயலுக்கு முன்தினம் மாலையில், கடற்காற்று உள்ளே வந்து பனியைக் கெடுத்துவிடும் என்பதற்கான அறிகுறிகள் தோன்றின. நிபுணர்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். எண்ணைச் சட்டென்று குறைத்தால் ஆபத்து நீங்கிவிட்டதென்று ஜனங்கள் அலட்சியமாயிருந்து விடுவார்களோ என்று அஞ்சி, பெரிய எண்ணையே அதிகமாக மாற்றாமல் வைத்திருந்தார்கள். ஸென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 7.6 அங்குலம். விஷயம் பத்திரிகைகளில் வெளிவந்ததும் பித்தர்கள் கொதித்தார்கள். கணக்குத் தப்பினால் அவர்கள் பொறுப்பார்கள். அவர்களுடைய சொந்தக் கணக்கே தினம் தப்புகிறது. தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக் கொண்டதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. எனக்கும் அவர்கள் கட்சியே சரியென்று படுகிறது. குடையை எடுத்துக் கொண்டு போகச் சொல்லுவதற்காகப் பொய் மழை பெய்யும் என்று சொல்லும் தகப்பனாரின் பேச்சை, நிஜ மழை வரும் நாளில் பிள்ளை கேட்பானா?

பித்தர்களிடம் ஒரு குற்றமும் உண்டு. தாங்கள் ஆசைப்படுவதையே வருமென்று நம்பிவிடுவார்கள். பத்துக் கணக்கில் ஒன்பது 'இல்லை' என்றால், 'உண்டு' என்ற பத்தாவதைப் பிடித்துக் கொள்வார்கள். ஆனால் பனி விழத் தொடங்கியதும் அவர்களைப் போல் ஒழுங்கானவர்களைக் காண முடியாது. வெள்ளை வர்ணம் பூசிய பலகை ஒன்றைத் தோட்டத்தில் வைத்து, அதில் சேரும் பனியை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்து எழுதுவார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் பலகையைத் துடைத்து அளக்கக் கூடாது என்பது விதி. அடிக்கடி துடைத்தால் பனி தன் பாரத்தாலேயே அமுங்குவதற்கு இடமில்லாமல், மொத்தம் கூடிக் காட்டும்.

பத்தில் ஒரு பங்கு என்ன பிரமாதம் என்கிறீர்களா? 2016 ஜனவரி 23-ந் தேதி நியூயார்க்கில் மற்றொரு பனிப்புயல் அடித்தது. அந்தத் தடவை நகரத்துக்கென்று முதலில் சொன்ன அளவு மிதமானது. புயல் நெருங்க நெருங்க எண்ணைக் கூட்டிக் கொண்டே போனார்கள். முடிவில் ஸென்ட்ரல் பார்க்கில் 26.8 அங்குலம் என்று அறிவிக்கப்பட்டது. 2006-ல் ஏற்பட்ட உச்சம் 26.9. ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததனால் சரித்திரம் தவறிப்போயிற்று! பித்தர்கள் தலையில் கை வைத்துக் கொண்டார்கள். மூன்று மாதங்கள் கழித்து, ஏப்ரலில், அளவைக் குறித்த குறிப்புகளைப் பரிசீலித்த குழு, தகவல் தெரிவித்ததில் பிழை நேர்ந்துவிட்டது, உண்மையான அளவு 27.5 அங்குலம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 1869 முதல் எழுதப்பட்டு வரும் அந்தக் கணக்கில் அதுவே முதலிடம் பெற்றது. அப்போது ஸென்ட்ரல் பார்க்கில் பனி கரைந்து, மரங்கள் பூத்திருந்தன.