மீன்காரர் வீட்டில் ஓர் ஓவியக்காரி!

சண்டை இல்லை. துரத்தல் இல்லை. மருந்துக்குக்கூட ஒரு டூயட் இல்லை. படத்தைப் போட்டுப் பத்து நிமிஷம் ஆவதற்குள் என் மாமியார், "என்னம்மா இது, ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதே!" என்று அலுத்துக்கொண்டார்.

படத்தின் பெயர் 'மாடி'. நம் வீட்டு மொட்டை மாடி இல்லீங்க. மாட் என்ற பெயரைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுகிறார்கள்! அஷ்லிங் வால்ஷ் என்ற அயர்லாந்துப் பெண் இயக்கி, 2016-ல் வந்த படம்.

கதாநாயகி வளைந்த விரல்களுக்குள் பிரஷ்ஷைச் செருகிப் பிடிக்கிற காட்சி வந்ததும் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவளுக்கும் எனக்கு இருக்கிற வாதம்தானா?"

ஏறக்குறைய அதேதான். மாட் லூயிஸ் நிஜமாக வாழ்ந்தவர். கனடாவின் கிழக்குக் கரையில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மூட்டுவாதம் பிடித்துக்கொண்டது. மோவாய் நெஞ்சை நோக்கிக் குனிந்துவிட, தோள் சரிய, விரல்கள் மடங்கிப் போயின. ஓவியப் பள்ளிப் பக்கமே போனதில்லை. அம்மாவோடு உட்கார்ந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் வரைந்ததுதான் படிப்பு.

படத்தில் சாலி ஹாக்கின்ஸ்தான் மாட். அத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டு ஏச்சு வாங்குகிறவள், 'வீட்டு வேலைக்கு ஆள் தேவை' என்று கடையில் ஒட்டிய துண்டுக் காகிதத்தைப் பார்த்து ஒரு மீன் வியாபாரியின் குடிசைக்கு நடந்தே போகிறாள். அவன் பெயர் எவரெட் (ஈத்தன் ஹாக்). அனாதை இல்லத்தில் வளர்ந்த முரடன். இந்த வீட்டில் முதலில் நான், பிறகு நாய்கள், பிறகு கோழிகள், அதற்கும் கீழேதான் நீ என்று வரிசை சொல்கிறான். ஒரு நாள் சிநேகிதன் முன்னாலேயே கன்னத்தில் அறைந்தும் விடுகிறான்.

இந்த இடத்தில் எனக்குப் படத்தோடு சண்டைதான். அறையை மறைக்கவில்லை, சரி. ஆனால் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். "அடிச்சா என்ன, அப்புறம் நல்லவனா மாறிட்டானே" என்று நம் வீடுகளில் எத்தனை பெண்களைச் சமாதானப்படுத்தியிருக்கிறோம்! தயவுசெய்து இந்தப் படத்தை அதற்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

அப்படியானால் இதில் காதல் எங்கே? கொசு, ஈ வராமல் கதவுக்கு வலை போடச் சொல்கிறாள். முடியாது என்று கத்துகிறான். பிறகு வாயே திறக்காமல் மாட்டிவிட்டுப் போகிறான். நடக்கச் சிரமப்படுகிறவளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான். கல்யாணத்தன்று இரவு, அவள் பாதங்கள் அவன் பாதங்களின் மேல் இருக்க, மெதுவாக ஆடுகிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

நிஜத்தில் இவர்கள் கல்யாணம் நடந்தது 1938-ல். சுமார் 13 அடிக்கு 12 அடி வீடு. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. மாட் அந்தச் சுவர், கதவு, ஜன்னல், அடுப்பு, ரொட்டிப் பெட்டி எதையும் விடவில்லை. எல்லாவற்றிலும் பூ, பறவை, பட்டாம்பூச்சி! சமையலையும் வீட்டு வேலையையும் எவரெட் பார்த்துக்கொண்டார். மூட்டுவாதக்காரர் வீட்டில் இது சின்ன உதவியா என்ன? காலையில் விரல் விறைத்துக் கிடக்கும்போது ஒருவர் அடுப்பைப் பற்றவைத்தால், மிச்சமிருக்கிற தெம்பு பிரஷ்ஷுக்குப் போகும்.

மாட் காலத்தில் இந்த நோய்க்கு ஆஸ்பிரினைத் தாண்டி அதிகம் இல்லை. இன்றைக்கு அப்படியல்ல. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை ஆரம்பத்திலேயே தொடங்கினால், மூட்டு கோணிப் போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். அதனால் ஒரு வார்த்தை: 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு மூட்டு 6 வாரமாக வீங்கியே இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். காலையில் நொண்டுகிற குழந்தை மத்தியானம் ஓடி விளையாடும். "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று அதட்டுவோம். அது நடிப்பாக இல்லாமலும் இருக்கலாம். மூட்டு நோய் நிபுணரிடம் காட்டுங்கள். இந்த நோய் சில பிள்ளைகளுக்குக் கண் சிவக்காமலேயே உள்ளே அழற்சியை உண்டாக்கும். ஆகவே கண் பரிசோதனையும் அவசியம். பெரியவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: கரண்டி, பேனா, பிரஷ் எதுவானாலும் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் விரலை அவ்வளவாக மடக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தில் மாட் எப்போதும் சிகரெட்டும் கையுமாக இருக்கிறாள். நிஜ மாட்டும் புகைத்தவர். அந்தக் குட்டி வீட்டில் விறகுப் புகையும் பெயின்ட் நெடியும் வேறு. 1970-ல் நிமோனியாவில் இறந்தார்.

முதலில் அவர் ஓவியங்களுக்குக் கிடைத்த விலை இரண்டு, மூன்று டாலர். 1970-களில் ஒரு கலைஞர், மாட் வரைந்த கறுப்பு டிரக் படத்தை ஓட்டல்காரர்களிடம் கொடுத்து, சீஸ் வைத்துச் சுட்ட சாண்ட்விச் சாப்பிட்டாராம். அந்தப் படம் 2022-ல் ஏலத்தில் போனது 3,50,000 கனடா டாலருக்கு. நம் கணக்கில் 2 கோடி ரூபாய்க்கு மேல்! அந்தக் குட்டி வீட்டையும் பழுதுபார்த்து, ஹாலிஃபாக்ஸ் நகரிலுள்ள நோவா ஸ்கோஷியா கலைக்கூடத்துக்குள் முழுசாக வைத்திருக்கிறார்கள்.

படம் முடியும்போது நிஜ மாட், நிஜ எவரெட் இருவரையும் பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் காட்டுகிறார்கள். "அட, சிரிக்கிறாளே!" என்றார் மாமியார். கொஞ்ச நேரம் கழித்து, "பரண்ல என் ஒயர் கூடை பண்டல் இருந்துதே, தூக்கிப் போட்டுட்டியா?" என்று கேட்டார்.

"இருக்கு அத்தை. ஆனா முடிச்சை இழுத்து இறுக்கறது விரலுக்கு ஆகாதுன்னு டாக்டர்..." என்று இழுத்தேன்.

"முடிச்சை நீ போடு. கலர் நான் சொல்றேன்" என்றார்.