குரூப்பை விட்டு எங்கே போக?

"குரூப்பை விட்டு வெளியே வந்துட்டேன்க்கா..." என்று பெண்கள் சொல்வதை இப்போதெல்லாம் அடிக்கடி கேட்க முடிகிறது. ரேஷன் கடை வரிசையில் கேட்டேன். பள்ளிக்கூட வாசலில் கேட்டேன். சொல்லும்போது, பழைய கடன் ஒன்றை அடைத்து விட்டது போல முகத்தில் ஒரு நிம்மதி! ஆனால், வெளியே வந்த பிறகு எங்கே போவது என்று கேட்டால், பதில் இல்லை. பல மாதமாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவள் நான். படித்தது பிளஸ் டூ வரைதான். கம்ப்யூட்டர் விவரமெல்லாம் கோவையில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் கேட்டுத் தெரிந்து கொண்டவை.

வாட்ஸ்-அப் நமக்குச் செய்த நல்லதை மறக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் கூட, மைக்கை அமுக்கிப் பேசி, பேத்திக்குச் செய்தி அனுப்புவார். எஸ்.டி.டி., பூத் வாசலில் மீட்டரைப் பார்த்துக் கொண்டே பேசிய தலைமுறை அவருடையது. காசு இல்லாமல் முகம் பார்த்துப் பேசலாம் என்றதும், எப்படி விடுவார்?

பிரச்னை குரூப்பில்தான் ஆரம்பித்தது. எங்கள் குடும்ப குரூப்பில் 140 பேர். பாதிப் பேர் யார் என்றே எனக்குத் தெரியாது. 2025 ஆவணியில் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். அவளுக்கு வயது 13. 'பேனர் வேண்டாம், போட்டோ எதுவும் வெளியே போகக் கூடாது' என்று நானும், வீட்டுக்காரரும் முதலிலேயே எல்லாரிடமும் சொல்லி விட்டோம். இருந்தும், உறவுக்காரர் ஒருவர் மாலையும் கழுத்துமாக நின்ற பிள்ளையைப் படம் எடுத்து, அன்று ராத்திரியே குரூப்பில் போட்டு விட்டார்.

அதை நாலு பேர் ஸ்டேட்டஸ் வைத்தனர். மூன்றாம் நாள், முன்பின் தெரியாத ஒரு ஆள் போன் செய்து, "பொண்ணு ஜாதகம் இருக்காம்மா?" என்று கேட்கிறார்! ஏதோ கல்யாணத் தரகர் குரூப்புக்குப் படம் போயிருக்கிறது. அதை விடக் கொடுமை, அவள் வகுப்புப் பையன்கள் கையிலும் அது கிடைத்தது. நாலு நாள் பள்ளிக்கூடம் போகாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள் பிள்ளை.

படம் போட்டவரைக் கேட்டதற்கு, "சந்தோஷமான விஷயம்தானே மதினி... இதுல என்ன தப்பு?" என்றார். பிறகு அழித்தார். அழித்து என்ன பயன்? குரூப்பில் இருந்துதான் போகும். அடுத்தவர் போனில் சேமித்ததும், வேறு இடத்துக்கு அனுப்பியதும் போகாது. இதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"2016-லேயே எல்லாச் செய்திக்கும் பூட்டுப் போட்டுட்டாங்கக்கா. அனுப்புறவங்க, வாங்குறவங்க தவிர நடுவுல யாரும், அந்தக் கம்பெனியே கூட, படிக்க முடியாது" என்றான் தம்பி. பூட்டு நல்ல பூட்டுத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், சாவி 140 பேரிடம் இருக்கிறதே!

இந்த வெறுப்பு இன்று நேற்று வந்ததல்ல. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் நடந்தது நினைவிருக்கிறதா? குலதெய்வக் கோவிலைத் தேடி சென்னையில் இருந்து வந்த 65 வயது அம்மா, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்-அப்பில் வந்த வதந்தியை நம்பியிருந்த கூட்டம், அவரை அடித்தே கொன்றது. நாட்டில் வேறு பல ஊர்களிலும் இப்படி நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தள்ளி விட முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. அந்த அம்மா முகம் எனக்குத் தெரியாது. ஆனாலும், யாராவது 'உடனே பகிரவும்' என்று அனுப்பினால், எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

அடுத்தது கம்பெனி மேல் வந்த அவநம்பிக்கை. 2009-ல் இரண்டு பேர் ஆரம்பித்த வாட்ஸ்-அப்பை, 2014-ல், 1,900 கோடி டாலருக்கு பேஸ்புக் வாங்கியது. ஆரம்பித்தவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன், 2017-ல் வெளியே வந்து, மறு ஆண்டே, 'சிக்னல்' அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். சமைத்தவரே வேறு கடைக்குப் போனால், சாப்பிடுகிறவர் என்ன நினைப்பார்? 2021 ஜனவரியில், 'புது விதிமுறைகளை பிப்ரவரி 8-க்குள் ஒத்துக் கொள்ள வேண்டும்' என்று வாட்ஸ்-அப் அறிவித்ததும், கோடிக்கணக்கானவர்கள் சிக்னல், டெலிகிராம் என்று ஓடினர். தாங்க முடியாமல் சிக்னலே ஒரு நாள் படுத்து விட்டது. வாட்ஸ்-அப் கெடுவை மே 15-க்குத் தள்ளி வைத்தது. அந்த விதிமுறைக்காக, 2024 நவம்பரில், இந்தியப் போட்டி ஆணையம் 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் போட்டதும், கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனதும் தனிக் கதை.

ஆனால், ஓடியவர்களில் நிறைய பேர் திரும்பி வந்து விட்டார்கள். என் தம்பியும்தான். "சிக்னல்ல நான் மட்டும் உக்காந்திருந்தேன்க்கா" என்றான். சந்தை எங்கே கூடுகிறதோ, அங்கேதானே காய் வாங்க முடியும்?

என் மகள் விஷயம் நடந்து சில வாரத்தில், 2025 செப்டம்பர் கடைசியில், 'அரட்டை' பேச்சு கிளம்பியது. ஜோஹோ கம்பெனிக்காரர்கள் 2021-லேயே கொண்டு வந்தது. அதுவரை யாரும் பெரிதாகக் கண்டு கொள்ளவில்லை. தினமும் 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் மூன்றரை லட்சம் பேர் சேர ஆரம்பித்ததாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். எங்கள் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில்தான் அவர்கள் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதனால் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை கூடுதல்! ஆனால், ஊர்ப் பெருமைக்காகக் கண்ணை மூடிக் கொள்ளவில்லை. நான் சேர்ந்தபோது, போன் பேச்சுக்குத்தான் அந்தப் பூட்டு இருந்தது. எழுத்துச் செய்திக்கு இல்லை. நவம்பரில்தான் அதைக் கொண்டு வர ஆரம்பித்தனர். புதிதாக எதில் சேர்ந்தாலும், பூட்டு எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று கேட்டுக் கொள்வது நல்லது.

அரட்டையில் ஒன்பது பேருக்கு மட்டும் ஒரு குரூப் ஆரம்பித்தேன். என் அம்மா, மாமியார், தம்பி, நாத்தனார்கள், அவ்வளவுதான். பெற்றவளைக் கேட்காமல் பிள்ளை படம் போடக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. முதல் வாரம் மாமியார், "இதுல பச்சைக் கலரைக் காணோமே..." என்று தடுமாறினார், இப்போது பழகி விட்டது. ஒன்பது பேர் குரூப்பை வாட்ஸ்-அப்பிலேயே வைக்கலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். வைக்கலாம்தான்! ஆனால், பழைய குரூப்பும் அதே போனில் பக்கத்தில் இருந்தால், விரல் பழக்கத்தில் அங்கேயும் தட்டி விடுகிறார்கள்.

வாட்ஸ்-அப்பை முழுசாக விட முடியவில்லை. பள்ளிக்கூட வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது. காஸ் சிலிண்டருக்கும், துணி தைக்கக் கொடுத்த அளவுக்கும் அதுதான். அதனால், 'செட்டிங்ஸ்' போய், 'பிரைவசி'யில், 'குரூப்ஸ்' என்ற இடத்தில், 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றி வைத்தேன். தெரியாதவர்கள் நம்மை இழுத்துப் புது குரூப்பில் போட முடியாது. அரை நிமிட வேலை. இன்றே செய்து விடுங்கள்.

140 பேர் குரூப்பில் இருந்து நானும், மகளும் வெளியேறி விட்டோம். அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லி விடுகிறேன். போன மாதம், கடையநல்லூர் சித்தி மகளுக்கு வளைகாப்பு. எங்களுக்குத் தெரியவே இல்லை. முடிந்த பிறகு சித்தி போன் செய்து, "ஏன்டி வரல? குரூப்புல போட்டேனே, பாக்கலையா?" என்று அழுதாள். பத்திரிகையும் கிடையாது, வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் கிடையாது; குரூப்பில் போட்டால் முடிந்தது! நான் அங்கே இல்லை என்றதும், "அப்போ நாங்கல்லாம் உனக்கு வேண்டாதவங்களா?" என்று வைத்து விட்டாள்.

அந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. வருகிற வெள்ளிக்கிழமை, ஐந்து வகைச் சோறு கட்டிக் கொண்டு, வளையலும், பூவுமாக, மகளோடு கடையநல்லூர் பஸ் ஏறப் போகிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி.