பறவையைக் காக்கும் கைத்தறிச் சரக்கு

அஸ்ஸாமில் ஹர்கிலா என்னும் பெரிய நாரை, ஊருக்குள் தனியார் மரங்களில் கூடு கட்டும். எச்சமும் நாற்றமும் பொறுக்காமல் உரிமையாளர்கள் மரங்களை வெட்டி வந்தனர். பூர்ணிமா தேவி பர்மன் அம்மையார் ஊர்ப் பெண்களைத் திரட்டி, தறியும் நூலும் கிடைக்கச் செய்தார். நாரை உருவம் நெய்த சேலை, துண்டு விற்று அப்பெண்கள் வருமானம் காண்கின்றனர். கூட்டு மரங்களையும் காக்கின்றனர். 2022-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் விருது அம்மையாருக்குக் கிடைத்தது.

வியாபாரிகளாகிய நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே உருவத்தை விசைத்தறியில் போட்டு மலிவாக விற்றால், நெய்தவருக்குக் கூலி போய்ச் சேராது. கூலி நின்றால் மரத்தைக் காக்கும் ஊக்கமும் குறையும். ஆகவே இத்தகைய சரக்கைக் குழுவினரிடமே வாங்கி, கடன் சொல்லாமல் ரொக்கம் கொடுப்பதே முறை. அதில் நமக்கும் நியாயமான லாபம் உண்டு.