கேமரா இருந்தது, பதிவு இல்லை!

"சார், எட்டாயிரம் ரூபாய் போட்டு கேமரா வெச்சேன். மோட்டார் கேபிளை அறுத்துட்டுப் போயிட்டான். கேமராவுல பார்த்தா அந்த ராத்திரியே இல்ல. அதையும் சேர்த்துத் திருடிட்டானா?"

பாகலூர் பக்கத்தில் தக்காளியும் குடைமிளகாயும் பயிரிடும் விவசாயி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக வெளியூர் போயிருக்கிறார். இரண்டாம் நாள் காலையில் தோட்டத்து ஆள் போன் செய்து, கேபிள் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார். "கேமரா இருக்குல்ல, வந்து பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஐந்து நாள் கழித்துத்தான் ஊர் திரும்பினார். அதற்குள் அந்த இரவின் பதிவு அழிந்துவிட்டது. திருடன் அதைத் தொடவே இல்லை. கேமராவே அழித்துவிட்டது.

ஓசூர், பாகலூர், மாலூர் சாலையோரங்களில் இன்று பசுமைக்குடில், மோட்டார் ஷெட், வாடகை வீடு என்று எங்கு பார்த்தாலும் கேமரா. விளைபொருளுக்கே காவல் தேவைப்படும் காலம் இது. 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் வயலில் இருந்த தக்காளியையே திருடிப் போனார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயி தக்காளி வயலுக்கே கேமரா பொருத்தினார். கேமரா வாங்குவதில் தவறில்லை. ஆனால் அது எதை, எங்கே, எத்தனை நாளுக்குப் பதிவு செய்கிறது என்று தெரியாமல் வாங்கினால் பணம் வீண்.

பதிவு எங்கே போகிறது?

மூன்று இடங்களில் ஒன்றில். முதலாவது, கேமராவுக்குள் செருகும் மெமரி கார்டு. இரண்டாவது, நான்கைந்து கேமராக்களை ஒயர் மூலம் இணைக்கும் டி.வி.ஆர். பெட்டியின் ஹார்டு டிஸ்க். மூன்றாவது, இணையம் வழியாக நிறுவனத்தின் கணினியில் சேமிக்கும் 'கிளவுட்'. கதவருகே மாட்டும் வீடியோ காலிங் பெல்களில் பல இந்த மூன்றாவது வகை. இதற்கு மாதச் சந்தா உண்டு. உதாரணமாக, அமேசானின் 'ரிங்' காலிங் பெல்லில் சந்தா கட்டாவிட்டால் வாசலில் நடப்பதை நேரலையில் பார்க்கலாம். நேற்று நடந்ததைப் பார்க்க முடியாது. போனில் படம் தெரிகிறது என்பதால் பதிவும் ஆகிறது என்று நினைத்துவிடக் கூடாது.

எத்தனை நாள் தாங்கும்?

நம் கிணறு போலத்தான். கொள்ளளவு தெரிந்தால் கணக்குப் போடலாம். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிவு செய்யும் கேமரா, ஒரு நாளில் சுமார் 11 ஜி.பி. இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 32 ஜி.பி. கார்டு மூன்று நாள்கூடத் தாங்காது. 64 ஜி.பி. ஐந்து நாளுக்குச் சற்று மேல், 128 ஜி.பி. சுமார் பதினோரு நாள். படத் தரத்தைக் கூட்டி 2 மெகாபிட் வைத்தால் நாட்கள் பாதியாகும். அந்தத் தரத்தில் நான்கு கேமரா ஓடினால், 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கும் பத்துப் பன்னிரண்டு நாளில் நிரம்பிவிடும்.

நிரம்பியதும் கேமரா நிற்பதில்லை. பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். அப்படி மேலெழுதிய பகுதியை எந்தக் கடையிலும் மீட்க முடியாது. நம் பாகலூர் விவசாயியிடம் இருந்தது 32 ஜி.பி. கார்டு. அவர் ஊர் திரும்பியபோது அதில் கடைசி இரண்டரை நாள்தான் மிச்சம்.

கார்டு வாங்கும்போது, இரவு பகலாக எழுதுவதைத் தாங்கும் 'ஹை எண்ட்யூரன்ஸ்' வகையைக் கேட்டு வாங்குங்கள். செல்போனுக்கான சாதாரண கார்டு சீக்கிரம் பழுதாகும். பழுதானதும் நமக்குத் தெரியாது. தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

சோலார், சிம் கார்டு கேமரா

மின் இணைப்பு இல்லாத தோட்டத்துக்கு இதுதான் வசதி. ஆனால் இது எந்நேரமும் பதிவு செய்வதில்லை. பேட்டரியைக் காப்பாற்ற உறங்கிக்கொண்டே இருக்கும். உடல் சூட்டோடு ஒன்று அசைந்தால் உணரும் சென்சார் தட்டி எழுப்பும். அதன் பிறகு சில விநாடிகள் மட்டும் பதியும். விழித்தெழுவதற்குள் வேகமாகக் கடந்து போனவர் முதுகு மட்டும் தெரியலாம். கடும் வெயிலில் சுற்றுப்புறமும் உடம்பும் ஒரே சூடாக இருந்தால், சென்சார் கோட்டை விடுவதும் உண்டு.

சிம் கணக்கையும் பாருங்கள். தினம் 2 ஜி.பி. தரும் திட்டத்தில் நாள் முழுக்க 11 ஜி.பி. அனுப்ப முடியாது. எனவே உள்ளே ஒரு மெமரி கார்டும் கட்டாயம் இருக்கட்டும்.

முகம் ஏன் தெரிவதில்லை?

"ஒரே கேமராவில் மொத்தத் தோட்டமும் தெரியணும்" என்று கேட்டு வாங்குகிறோம். தவறு அங்கேதான். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவில் அகலவாக்கில் 1,920 புள்ளிகள். 90 டிகிரி விரிந்து பார்க்கும் லென்ஸில், 20 மீட்டர் தூரத்தில் அந்தப் புள்ளிகள் 40 மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். ஒரு முகத்துக்குக் கிடைப்பது ஏழெட்டுப் புள்ளி. ஆள் வந்தது தெரியும், யாரென்று தெரியாது. அதே கேமரா 3 மீட்டரில் இருந்தால் முகத்துக்கு ஐம்பது புள்ளி அளவுக்குக் கிடைக்கும். ஆகவே ஒரு கேமராவை ஆள் நுழைந்தே ஆகவேண்டிய வழியில், கேட்டில் அல்லது ஷெட் கதவில், அருகில் பார்க்கும்படி வையுங்கள்.

இரவில் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, கருப்பு வெள்ளையில் பதியும். லென்ஸின் முன் சிலந்தி வலை இருந்தால் அதுவே வெள்ளையாக மின்னி மறைக்கும். பூச்சி பறந்தாலும் பதிவு ஓடி கார்டு நிரம்பும். நம் பகுதிப் பனியில் லென்ஸும் மங்கும். வாரம் ஒருமுறை மென்மையான துணியால் துடையுங்கள்.

கடிகாரத்தைச் சரிபாருங்கள்

சில கருவிகள் சீன நேரத்திலேயே வருகின்றன. அது நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இன்னும் சிலவற்றில் கரண்ட் போய் வந்தால் தேதியே மாறிவிடும். இரவு 11 மணித் திருட்டு மறுநாள் 1.30 என்று பதிந்திருந்தால், வழக்கில் அதுவே கேள்வியாகும்.

திருட்டு நடந்தால் முதலில் செய்ய வேண்டியது

ஒன்று: காத்திருக்க வேண்டாம். கார்டு என்றால் கேமராவை அணைத்துவிட்டு கார்டைக் கழற்றி, உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். நீங்கள் வெளியூரில் இருந்தால் தோட்டத்து ஆளிடம் போனிலேயே சொல்லிச் செய்ய வையுங்கள். டி.வி.ஆர். என்றால், தெரிந்தவரை வைத்து அன்றே பென் டிரைவில் நகல் எடுங்கள்.

இரண்டு: டி.வி. திரையைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தகவலுக்கு உதவும், நீதிமன்றத்துக்குப் போதாது. மூலப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று: கருவி காட்டும் நேரத்தையும் சரியான நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நான்கு: காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். கார்டையோ பெட்டியையோ எடுத்துச் சென்றால், அதற்கும் எழுத்தில் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியில் கருவியைப் பராமரிப்பவரும், மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திடுவார்கள். விசாரணை அலுவலரிடம் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கேமராவுக்கும் பூட்டு வேண்டும்

2016-இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் உலகமெங்கும் லட்சக்கணக்கான கருவிகளுக்குள் நுழைந்தது. அவற்றில் கேமராவும் டி.வி.ஆரும் ஏராளம். கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டதுதான் வழி. பொருத்த வருபவர் வைத்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

இன்னொன்று: பக்கத்து வீட்டு வாசல், பெண்கள் உடை மாற்றும் இடம், குளியலறைப் பக்கம் கேமரா திரும்பியிருக்கக் கூடாது. அது மரியாதைக் குறைவு. உடை மாற்றும் இடத்தையும் குளியலறையையும் படம் பிடிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும். பசுமைக்குடிலில் வேலை செய்யும் பெண்களிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

இன்றே ஒரு சோதனை

இன்று இரவு வீட்டில் ஒருவரை மோட்டார் ஷெட் பக்கம் நடந்து போகச் சொல்லுங்கள். நாளைக் காலையில் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள். முகம் தெரிகிறதா, நேரம் சரியா, எத்தனை நாள் பழைய பதிவு இருக்கிறது என்று பாருங்கள். தேடி எடுக்கும் முறையை மனைவிக்கோ பிள்ளைக்கோ தோட்டத்து ஆளுக்கோ கற்றுக்கொடுங்கள்.

அந்த விவசாயி புதுக் கேபிள் போட்டுவிட்டார். கேமராவில் இப்போது 128 ஜி.பி. கார்டு. கார்டைக் கழற்றத் தோட்டத்து ஆளுக்கும் தெரியும்.