சாத்தோ: ஒரு பெயரும் அதன் பதிவேடும்

2024 ஏப்ரல் முதல் தேதி ஜப்பானிலிருந்து ஒரு செய்தி வந்தது. இப்போதுள்ள சட்டம் இப்படியே நீடித்தால் 2531ஆம் ஆண்டில் ஜப்பானியர் எல்லோருக்கும் குடும்பப்பெயர் 'சாத்தோ' என்றே ஆகிவிடும் என்று தோஹோக்கு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஹிரோஷி யோஷிதா கணக்குப் போட்டிருந்தார். முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்றுதான் நானும் நினைத்தேன். கணக்கு என்னவோ ஒழுங்கான கணக்குதான். 2023இல் சாத்தோக்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர். அந்தப் பங்கு ஒரு வருஷத்தில் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, அதே வேகத்தை ஐந்நூறு வருஷத்துக்கு இழுத்துவிட்டார். ஜோசியம் சொல்வது அவர் நோக்கமில்லை. கணவனும் மனைவியும் ஒரே பெயரில்தான் இருந்தாக வேண்டும் என்கிற சட்டத்தை மாற்றக் கோரும் இயக்கத்துக்காகப் போட்ட கணக்கு அது.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு வங்கிக்குப் போனபோது, "இனிஷியலை இன்னும் மாத்தலையாம்மா?" என்று கேட்டார்கள். மாற்றவில்லை, மாற்றப்போவதும் இல்லை என்றேன். "எல்லாரும் மாத்துறாங்களே" என்றார் அந்த அலுவலர். சட்டமே இல்லாத இடத்தில் இந்த வழக்கம் இவ்வளவு பேசுகிறதென்றால், சட்டமே வழக்கத்தின் குரலில் பேசுகிற இடத்தில் என்ன நடக்கும்? சாத்தோவைத் தேடிப் போனது இப்படித்தான்.

முதலில் பொருள். சாத்தோ இரண்டு எழுத்துக்களால் ஆனது. 'சா' என்பதற்குத் துணை, உதவி என்று பொருள். 'தோ' என்பது 'ஃபுஜி' என்னும் கொடியின் பெயர். வசந்தம் முடியும் வேளையில் ஊதாப் பூக்கள் சரம்சரமாகத் தொங்குகிற கொடி. ஒரே எழுத்தை ஜப்பானிய ஒலியில் வாசித்தால் ஃபுஜி, சீன ஒலியில் வாசித்தால் தோ. கொடிக்குத் துணை என்று அகராதியை வைத்துக்கொண்டு பொருள் சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் அது பொருளே அல்ல. இந்தக் கொடி தோட்டத்திலிருந்து வரவில்லை, அரண்மனையிலிருந்து வந்தது. 669இல் தென்ஜி என்ற பேரரசர், மரணப்படுக்கையில் கிடந்த தன் அமைச்சர் நகாத்தோமி நோ கமத்தாரிக்கு 'ஃபுஜிவாரா' என்ற பெயரை வழங்கினார். அந்தக் குலம் பெண் கொடுத்தே அரியணையைக் கைக்குள் வைத்திருந்தது. பிறகு குலம் பெருத்துக் கிளைகள் பிரிந்தபோது, பதவியிலிருந்தோ ஆண்ட நாட்டிலிருந்தோ ஓர் எழுத்தை எடுத்துக் கொடியோடு ஒட்டிக்கொண்டார்கள். இசே நாட்டோடு சேர்ந்தால் இத்தோ. காகா நாட்டோடு சேர்ந்தால் காத்தோ. அரண்மனைக் காவற்படையில் 'சாஎமோன் நோ ஜோ' என்ற பதவி வகித்தவர்கள் சாத்தோ ஆனார்கள் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சானோ என்ற ஊரையும் சாதோ தீவையும் சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் பெயரின் ஒரு பாதி குலம். மறுபாதி உத்தியோகம் அல்லது ஊர்.

ஜப்பானியப் பெயர்கள் எல்லாம் இந்த ரகமில்லை. தனாக்கா என்றால் வயல் நடுவே. யமமோத்தோ என்றால் மலையடி. கோபயாஷி சின்னத் தோப்பு. லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பப்பெயர்களில் பெரும்பாலானவை இப்படி மண்ணைச் சொல்கிறவைதாம். மேற்கே தனாக்காவும் யமமோத்தோவும் அதிகம், கிழக்கிலும் வடகிழக்கிலும் சாத்தோ. அக்கித்தா, யமகத்தா பக்கம் போனால் எந்த வகுப்பறையிலும் 'சாத்தோ' என்று மட்டும் கூப்பிட முடியாது, நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தலைநகரத்துப் பதவி ஒன்றின் பெயர் தலைநகரத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள நெல்வயல்களில் போய் இப்படி மண்டிக் கிடப்பது கவனிக்கத்தக்கது. போர்வீரக் குடும்பங்கள் வடக்கே போய் நிலம் பிடித்தன. அவர்களோடு பெயரும் போயிற்று. அவர்களை அண்டி வாழ்ந்தவர்களும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். எனவே சாத்தோக்கள் எல்லோரும் ஒரே ரத்தம் என்கிற கதையாடலை அப்படியே விழுங்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு முரண். இலக்கியம் அறிந்த மிகப் பெரிய சாத்தோ, அந்தப் பெயரை உதறிய ஆள். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் சைக்யோ பிறந்தபோது சாத்தோ நோரிக்கியோ. காவற்படை வீரர். 1140இல் இருபத்திரண்டு வயதில் துறவு பூண்டார், பெயரும் போயிற்று. சைக்யோ என்றால் மேற்கே செல்லுதல்.

ஆயுதமும் பெயரும் ஜப்பானில் சேர்ந்தே நடந்தவை. 1801இல் ஷோகுன் அரசு, அனுமதியில்லாத சாமானியர் குடும்பப்பெயர் சொல்லக் கூடாது, வாள் தரிக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் தடுத்தது. குடியானவர்களுக்குப் பெயரே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கோயில் நன்கொடைப் பட்டியல்களிலும் ஊர்க் காகிதங்களிலும் அவர்கள் தங்கள் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். அதிகாரத்தின் முன்னால் மட்டும் அதைச் சொல்ல முடியாது. பிறகு மெய்ஜி அரசு வந்தது. 1870இல் சாமானியரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றது. 1871இல் தீண்டத்தகாதோர் என்ற சட்டநிலையை ஒழித்தது. 1872இல் குடும்பப் பதிவேடு தயாரானது. அதிலேயே சில ஊர்களில் 'புதிய சாமானியர்' என்று எழுதி வைத்து, ஒழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். (அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கக் கூடாது என்று மூட 1968 வரை ஆயிற்று.) 1873இல் கட்டாய ராணுவசேவை. பெயர் வைக்கலாம் என்றபோது ஜனங்கள் அவசரப்படவில்லை. வரிக்கோ படைக்கோ எதற்கோ கேட்கிறான் என்ற சந்தேகம் இருந்திருக்கும், சந்தேகம் தப்பில்லை. 1875இல் ராணுவத்தின் வற்புறுத்தலின் பேரில், குடும்பப்பெயர் கட்டாயம் என்று ஆணை வந்தது. தடுக்கப்பட்டிருந்தது எழுபத்தைந்து வருஷத்துக்குள் கடமையாகிவிட்டது.

செங்கல்பட்டில் 1929இல் சாதிப்பட்டங்களைத் துறந்த மரபில் வளர்ந்த நமக்கு, பின்னொட்டு என்றாலே சாதி என்று வாசிக்கத் தோன்றும். சாத்தோவை அப்படி வாசித்தால் தவறிவிடுவோம். அது சாதியும் இல்லை, ரத்தமும் இல்லை, வீடு. எய்சாக்கு சாத்தோ 1964 முதல் 1972 வரை பிரதமர். 1957 முதல் 1960 வரை பிரதமராயிருந்த நொபுசுக்கே கிஷி அவருடைய உடன்பிறந்த அண்ணன். இவர்களுடைய அப்பா கிஷி வீட்டில் பிறந்து, சாத்தோ வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய் சாத்தோ ஆனவர். நொபுசுக்கே திரும்பவும் கிஷி வீட்டுக்கே தத்துப் போனார். வீட்டின் பெயர் அறுந்துவிடாமலிருக்க ஆண்களும் பெயர் மாறியிருக்கிறார்கள். 'இயற்கை'யைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

'மரபு' என்று பேசுகிறவர்களின் கதை இதைவிட வேடிக்கை. 1876இல் இதே மெய்ஜி அரசு, கல்யாணத்துக்குப் பிறகும் மனைவி பிறந்த வீட்டுப் பெயரையே எழுத வேண்டும் என்று உத்தரவிட்டது. 1898இன் குடிமைச் சட்டம்தான் மனைவியைக் கணவன் வீட்டுப் பெயருக்குள் கொண்டுவந்தது. 1947இல் அந்த 'வீடு' சட்டத்திலிருந்து ஒழிக்கப்பட்டது. ஒரே பெயர் என்ற விதி மட்டும் ஒழியவில்லை. 750ஆம் பிரிவின்படி கணவன் பெயரோ மனைவி பெயரோ ஏதாவது ஒன்று. எவ்வளவு சமத்துவமான வாசகம் பாருங்கள். நடைமுறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கல்யாணங்களில் பெண்தான் விட்டுக்கொடுக்கிறாள். சாத்தோ பெருகுவதும் இந்த வழியில்தான். ஏற்கெனவே பெரிதாக இருக்கிற பெயர், கல்யாணத்துக்கு ஒன்றாக அருகிய பெயர்களை விழுங்குகிறது. விருப்பப்பட்டவர்கள் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்ட ஆலோசனைக் குழு 1996இலேயே பரிந்துரைத்தது. ஆளுங்கட்சியின் பழமைவாதிகள் அசையவிடவில்லை.

இதே பெயர்ச்சட்டம் கடல் தாண்டியும் போயிற்று. கொரியாவில் பெண் கல்யாணத்துக்குப் பின்னும் தகப்பன் குலப்பெயரையே வைத்திருப்பாள். 1940இல் காலனி அரசு, ஆறு மாதத்துக்குள் ஜப்பானிய முறையில் வீட்டுக்கு ஒரு குடும்பப்பெயர் 'உருவாக்கி' பதிவு செய்யச் சொன்னது. கிம் என்பவர் கனேதா ஆனார், கனேமோத்தோ ஆனார். ஏறக்குறைய எண்பது சதவீதம் பேர் பதிந்தார்கள். பதியாவிட்டால் பிள்ளைக்குப் பள்ளியில் என்ன நடக்கும் என்று தெரிந்து பதிந்தவர்கள் அவர்கள். 1946இல் கொரியா பழைய பெயர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஜப்பானிலேயே தங்கிவிட்ட கொரியர்களில் பலர் மட்டும் வேலைக்கும் வாடகை வீட்டுக்குமாக ஒரு ஜப்பானிய 'புழங்குபெயரை' இன்னமும் சுமக்கிறார்கள்.

பதிவேட்டுக்கு வெளியே இருப்பது ஒரே ஒரு குடும்பம். பேரரசருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பெயர் கொடுக்கிறவனுக்குப் பெயர் எதற்கு? 2021இல் இளவரசி மாக்கோ சாமானியர் ஒருவரை மணந்து அரண்மனையை விட்டு வெளியேறியபோதுதான் முதன்முதலாக அவருக்கு ஒரு குடும்பப்பெயர் கிடைத்தது. கணவருடையது.

750ஆம் பிரிவை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. பதினைந்து நீதிபதிகளில் ஐந்து பேர் மாறுபட்டார்கள். அமர்விலிருந்த மூன்று பெண் நீதிபதிகளும் அந்த ஐவரில் அடக்கம். 2021இல் மறுபடியும் அதே முடிவு. பெண்கள் தொழிலிடத்தில் பழைய பெயரைப் புழங்குபெயராக வைத்துக்கொள்ளலாமே, அதனால் பாதிப்பு குறைகிறதே என்பது 2015இல் பெரும்பான்மை சொன்ன சமாதானங்களில் ஒன்று. கொரியர் ஜப்பானியப் பெயரில் ஒளிந்துகொள்ளப் பயன்பட்ட அதே ஏற்பாடு, ஜப்பானியப் பெண் தன் சொந்தப் பெயரில் நடமாடுவதற்குச் சலுகையாக வந்து நிற்கிறது. பதிவேட்டில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். 1801க்குப் பின் கோயில் பட்டியலில் மட்டும் தன் பெயரை எழுதிக்கொண்ட குடியானவனும் இதைத்தான் செய்துகொண்டிருந்தான்.