வாயைக் கட்டினால் எடை குறைந்துவிடுமா?

உடம்பு போட்டவர்களுக்கு நம் ஊரில் கிடைக்கும் முதல் அறிவுரை, "வாயைக் கட்டு." உறவினர் சொல்வார், எதிர்வீட்டுக்காரர் சொல்வார், சில நேரம் மருத்துவரும் அதையே சொல்லி அனுப்பிவிடுவார். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். ஆண்களில் 37 சதவீதம். இத்தனை பேரும் நாக்குக்கு அடிமை என்று சொல்லிவிட முடியுமா?

பசியா, மனசா?

வயிற்றுப் பசி மெல்ல ஏறும். இட்லியோ ரசம் சாதமோ, எது கிடைத்தாலும் அடங்கும். மன உளைச்சலில் கிளம்பும் பசி அப்படியல்ல. திடீரென்று வரும், மிக்சர், ஐஸ்கிரீம் என்று குறிப்பிட்டதைத்தான் கேட்கும், வயிறு நிறைந்த பிறகும் கை நிற்காது.

எப்போதாவது இப்படிச் சாப்பிடுவது நோயல்ல. கொஞ்ச நேரத்துக்குள் அளவு மீறிச் சாப்பிடுவது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது, யார் கண்ணிலும் படாமல் சாப்பிடுவது, பிறகு தன் மீதே வெறுப்பு: இவை வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் அது 'பிஞ்ச் ஈட்டிங்' கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-லேயே இதை விவரித்துவிட்டார். ஆனாலும் தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற 2013 வரை ஆனது.

பட்டினி செய்யும் வேலை

1944–45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சோதனை முடிந்ததும் பலர் வயிறு கொள்ளாமல் சாப்பிட்டார்கள். மன உறுதி குறைந்தவர்கள் அல்ல அவர்கள். உடம்பு பட்டினிக்குக் கொடுத்த பதில் அது.

நம் வீடுகளில் இது சிறிய அளவில் தினமும் நடக்கிறது. காலையில் வெறும் காபி, மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஃபிரிட்ஜ். மறுநாள் குற்ற உணர்வில் மறுபடி காலை உணவு கிடையாது. வாயைக் கட்டச் சொல்லும் அறிவுரை இந்தச் சுழலை முடுக்கிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

சிகிச்சையில் என்ன நடக்கும்?

அதிகம் பயன்படுவது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய முறையில் வழக்கமாக 20 அமர்வுகள். முதல் வேலை, எப்போது, எங்கே, என்ன சாப்பிட்டோம், அப்போது மனநிலை என்ன என்று எழுதுவது. அடுத்து மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டி. "எடை குறைக்க வந்தால் அஞ்சு வேளை சாப்பிடச் சொல்றீங்களே" என்று பலரும் மிரளும் இடம் இதுதான். ஆனால் நேரத்துக்குச் சாப்பிட்டவருக்கு ராத்திரி வெறி பாதி தணிந்துவிடும்.

மிச்சப் பாதிக்கு என்ன காரணம் என்பதைக் குறிப்பேடே காட்டிக்கொடுக்கும்: வீட்டுச் சண்டை, அலுவலக அவமானம், தனிமை. அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது, 'ஒரு லட்டு தின்றாச்சு, இன்றைக்கு எல்லாம் போச்சு' என்ற எண்ணத்தை எப்படிக் கேள்வி கேட்பது என்று பழக்குவார்கள். உறவுச் சிக்கல்தான் வேர் என்றால் அதற்கென்றே தனிச் சிகிச்சை உண்டு.

எடை குறையுமா?

கட்டுமீறிச் சாப்பிடுவது பலருக்கு நிற்கிறது. எடை மட்டும் பெரும்பாலும் தானாக அவ்வளவு இறங்குவதில்லை. அதற்கு உணவு மாற்றம், நடை, தேவைப்பட்டால் மருந்து அல்லது அறுவை சிகிச்சை என்று தனியாகப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள்கூட எடையை ஏற்றும் என்பதால் முதலில் உடல் பரிசோதனை அவசியம்.

யாரிடம் போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மனஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றும் பழக்கமோ பேதி மாத்திரை போடும் பழக்கமோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். போகும்போது ஒரு வாரச் சாப்பாட்டுக் குறிப்பைக் கொண்டு போங்கள். கலோரிக் கணக்கு வேண்டாம், நேரமும் மனநிலையும் போதும்.