கான் யூனிஸ் முகாமிலிருந்து ஒரு குரல்

பாடலும் இசையும் மார்க்கத்தில் எந்நிலையில் வைக்கப்பட வேண்டும் என்பதில் அறிஞர் பெருமக்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்திற்குள் இக்கட்டுரை நுழையவில்லை. தீர்ப்புக் கூறும் தகுதியும் எனக்கில்லை. ஆயினும், 2013ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தொலைக்காட்சியில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியின் முடிவுக்காக ஒரு மக்கள் சமுதாயமே உறக்கம் தொலைத்துக் காத்திருந்தது. அவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறேதும் இல்லையே!

போட்டியின் பெயர் 'அரப் ஐடல்'. பிரிட்டனில் 2001இல் தொடங்கிய நிகழ்ச்சி ஒன்றின் அரபு வடிவம் அது. எம்.பி.சி. தொலைக்காட்சி லெபனானிலிருந்து அதை ஒளிபரப்பியது. 'ஐடல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குச் சிலை என்றே பொருள். ஆகவே பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே முகம் சுளித்தவர்கள் காஸாவில் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரபியில் அந்நிகழ்ச்சிக்கு வைக்கப்பட்ட பெயர் 'மஹ்பூபுல் அரப்'. அரபு மக்களின் நேசத்திற்குரியவர் என்பது அதன் பொருள். இரண்டு சொற்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு பாருங்கள்! நடந்த கதைக்குப் பொருந்தியது இரண்டாவது பெயர்தான்.

முஹம்மது அஸ்ஸாஃப் 1989இல் லிபியாவின் மிஸ்ராத்தா நகரில் பலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பத்துடன் காஸாவுக்கு வந்து, கான் யூனிஸ் அகதிகள் முகாமில் வளர்ந்தார். 1948இல் வீடும் நிலமும் இழந்து வெளியேறிய ஏழு லட்சத்திற்கும் மேற்பட்ட பலஸ்தீனர்களில் ஒரு பகுதியினருக்காக எழுந்த முகாம் அது. அன்று கூடாரங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் அகதி என்ற பெயருடனேயே அங்கு வாழ்கிறார்கள். அவருடைய தாயார், ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் நல அமைப்பு நடத்திய பள்ளியில் கணித ஆசிரியை. பிள்ளை சிறு வயதிலேயே பாடத் தொடங்கிவிட்டது; வளர்ந்தபின் கல்யாண வீடுகளில் பாடினார்.

குரல் தேர்வு கெய்ரோவில் நடந்தது. காஸாவிலிருந்து கெய்ரோ செல்வது நம்மூரில் பேருந்து ஏறுவதைப் போன்றதன்று. 365 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்நிலப்பகுதி 2007 முதல் முற்றுகையில் இருந்தது. எகிப்துக்குச் செல்ல ரஃபா எல்லை வாயில் ஒன்றே வழி. அதுவும் திறக்கும்போது திறக்கும், மூடும்போது மூடும். எல்லையில் அதிகாரிகளிடம் மன்றாடி இரண்டு நாட்கள் கழிந்தன. அஸ்ஸாஃப் கெய்ரோ விடுதியை அடைந்தபோது கதவுகள் அடைக்கப்பட்டுவிட்டன. மதிற்சுவரை ஏறிக் குதித்தார். உள்ளே போனால், போட்டியாளர்களுக்கான எண் அட்டைகள் யாவும் முன்பே தீர்ந்துபோயிருந்தன.

வேறு வழியறியாமல், காத்திருந்தவர்களுக்கு நடுவே நின்று பாடினார். அக்கூட்டத்தில் இன்னொரு பலஸ்தீன இளைஞர் இருந்தார். அவரும் போட்டியிட வந்தவரே. அவர் கையில் எண் இருந்தது. தாம் இறுதிச் சுற்றை எட்டப்போவதில்லை, நீ எட்டுவாய் என்று சொல்லித் தம் அட்டையை அஸ்ஸாஃபிடம் கொடுத்துவிட்டார்.

வாசகப் பெருமக்களே, இந்தக் கதையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பி வரும் இடம் இதுதான். வெற்றி பெற்றவனுக்குக் கைதட்ட உலகமே வரும். தன் முறை வரும் தறுவாயில் எழுந்து, தன்னைவிடத் தகுதியுடையவன் இவன் என்று கண்டறிந்து, இடத்தை விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? பின்னாளில் கோடிக்கணக்கானோர் திரைக்கு முன் அமர்ந்து அஸ்ஸாஃபை ஆதரித்தார்கள். அவர்கள் அனைவருக்கும் முந்திய ஆதரவாளர் அந்த இளைஞரே. மற்றவர்கள் செலவிட்டது சில்லறைக் காசு. அவர் செலவிட்டது தம் வாய்ப்பு.

காசு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தகைய போட்டிகளில் நடுவர்கள் ஓர் எல்லை வரைதான் தீர்மானிப்பார்கள். அதன்பின் மக்கள் கைப்பேசிச் செய்தி வழியே வாக்களிக்க வேண்டும். வாக்கு ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. மக்களின் பாசம் கொழுந்துவிட்டு எரிய எரிய வணிகர்களின் பெட்டி நிறையும். இந்த ஏற்பாட்டை நான் ஒருபோதும் மெச்சமாட்டேன். எட்டு மணி நேரம் மின்சாரம் வந்தால் எட்டு மணி நேரம் போகும் காஸாவில், அன்றாடக் கூலிக்கே திண்டாடும் குடும்பங்களும் வாக்கு அனுப்பின என்பதை நினைக்கையில் மனம் கசக்கவே செய்கிறது. பலஸ்தீனத் தலைவர் மஹ்மூத் அப்பாஸே, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள தம் மக்கள் அஸ்ஸாஃபுக்கு வாக்களிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். காஸாவை ஆண்ட ஹமாஸ் அமைப்பினருக்கு இந்நிகழ்ச்சி உவப்பானதாக இல்லை. எனினும் அவர்களுடைய மக்கள் மன்ற உறுப்பினர் ஒருவரே அவ்விளைஞரைப் பாராட்டி எழுதும் நிலை வந்தது. இரு துருவங்களாகப் பிரிந்து கிடந்த ரமல்லாவும் காஸாவும் ஒரே பெயரை உச்சரித்தன.

நம் பிள்ளை என்பதற்காகவே ஒருவனைத் தூக்கிப் பிடிப்பது 'அஸபிய்யத்' என்னும் இனவெறியில் சேராதா என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறுதிச் சுற்றில் மூவர் நின்றார்கள்: அஸ்ஸாஃப், எகிப்தின் அஹ்மது ஜமால், சிரியாவின் ஃபரஹ் யூசுஃப். அன்று காஸாவிலும் மேற்குக் கரையிலுமாகப் பலஸ்தீனர்கள் ஏறத்தாழ 44 லட்சம். எகிப்தியரோ எட்டுக் கோடிக்கும் மேல். அவரவர் நாட்டானுக்கே அவரவர் வாக்கு என்றிருந்தால் பட்டம் எகிப்துக்கே போயிருக்கும். போகவில்லை. உலகெங்கும் சிதறிய பலஸ்தீனர்களோடு, பலஸ்தீனர் அல்லாத அரபு மக்களும் பெருமளவில் அவர் பக்கம் நின்றிருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. சிரியாவின் அப்பெண்ணை எண்ணினால் பரிதாபமாகவும் இருக்கிறது. அவருடைய நாடு அப்போது உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. அவருக்காக வாக்களிக்க வேண்டிய வீடுகளில் எத்தனை இருளில் மூழ்கிக் கிடந்தனவோ!

கஃபியா என்னும் கட்டமிட்ட தலைத்துணியை உயர்த்திப் பிடிக்கச் சொல்லும் பாடலே அஸ்ஸாஃபின் அடையாளமாயிற்று. இழந்த ஊர்களையும் ஒற்றுமையையும் பாடும் பழைய வழக்கத்தில் வந்தது அது. கேட்டவர்கள் பாட்டுக்கு மட்டும் மயங்கவில்லை. காஸா என்றாலே குண்டு, சவப்பெட்டி, ஓலம் என்று பழகிப்போன உலகத்திற்கு முன், சிரித்த முகமும் சீரிய குரலுமாக ஓர் இளைஞன் நின்று தன் ஊர்ப்பெயரைச் சொன்னான். உம்மாமார்களும் பாட்டிமார்களும் தேநீர்க் கடைகளில் திரண்ட வாலிபர்களும் வாக்களித்தது அதற்காகவே.

ஜூன் 22ஆம் நாள் இரவு பெய்ரூத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. அஸ்ஸாஃப் பெயர் ஒலித்ததும் காஸாவிலும் ரமல்லாவிலும் நாப்ளுஸிலும் மக்கள் வீதிகளுக்கு ஓடிவந்தார்கள். வாண வேடிக்கை விடியும்வரை ஓயவில்லை. ஐ.நா. அகதிகள் நல அமைப்பு அவரைத் தன் இளைஞர் தூதராக அறிவித்தது. சில நாட்களில், எந்த ரஃபா வாயிலில் மன்றாடி நின்றாரோ அதே வாயில் வழியாக அவர் திரும்பினார். வரவேற்கப் பெருங்கூட்டம் கூடியிருந்தது.

2015இல் ஹானி அபூ அஸ்அத் என்னும் பலஸ்தீன இயக்குநர் இக்கதையைத் திரைப்படமாக்கினார். அதில் கற்பனை கலந்திருக்கிறது. அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிடக் கனமானது பின்னர் நடந்தது. 2023 அக்டோபருக்குப் பின் மூண்ட போரில் கான் யூனிஸ் நகரின் பெரும்பகுதி இடிந்து மண்ணோடு மண்ணாயிற்று. மக்கள் திரண்டு அமர்ந்து அந்த இறுதிச் சுற்றைப் பார்த்த வீடுகளில் எத்தனை இன்று நிற்கின்றன என்பதை அல்லாஹ்வே அறிவான். பழைய ஒளிப்பதிவுகளில் அந்தத் தெருக்கள் இருக்கின்றன. பிள்ளைகளைத் தோளில் சுமந்தபடி தந்தைமார்கள் நிற்கிறார்கள். பின்னால் ஒரு மாடியில் பெண்கள் கைகொட்டுகிறார்கள்.